சொரிமுத்துவும் பலூன் பாயும்

வடாலாவில் கலீலுல்லாவின் தார்ப்பாய்ப் பட்டறையில் சொரிமுத்து தையல்காரர். லாரிகளுக்குத் தார்ப்பாய், கிடங்கு வாசலுக்குக் கான்வாஸ் திரை, மழைக்காலத்துக்கு முன்னால் கூரைமேல் விரிக்கும் பெரிய விரிப்புகள் என்று கனத்த துணியிலேயே கை பழகியவர். தென்காசிப் பக்கத்திலிருந்து 1950இல் தாராவிக்கு வந்து சேர்ந்தவருக்கு, கடலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. நீச்சலும் தெரியாது.

1962இல், மழை ஓய்ந்த ஒரு நாள், செம்பூரிலிருந்து வெங்கடேஸ்வரன் என்ற இன்ஜினீயர் கிழிந்த நைலான் துணி ஒன்றை எடுத்துவந்தார். ஒரு அறை முழுக்க விரியும் துணி. சுருட்டினால் ஒரு தலையணை உறைக்குள் அடங்கும். மெஷினில் போட்டால் சுருங்கிக்கொண்டு வந்தது. சொரிமுத்து அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தார். தையல் சுருக்கமில்லாமல் படிந்தது.

"சார், இத ஏன் வயிறு மாதிரி வளைச்சி வெட்டியிருக்கு?"

"படகுல, காத்து பின்னாலேர்ந்து வரச்சே மட்டும் போடற பாய். ஸ்பின்னாக்கர்னு பேர். ஞாயித்துக்கெழமை அப்போலோ பந்தர் படகுத்துறைக்கு வாயேன், காட்டறேன்."

போனார். ஒட்டுப்பலகையில் செய்த இரண்டு ஒல்லியான தோணிகள், நடுவில் இழுத்துக் கட்டிய கான்வாஸ், அதன்மேல் ஒரு பாய்மரம். மொத்தம் பதினாறு அடி. "இதுக்குப் பேர் கேட்டமரான்" என்றார் இன்ஜினீயர். "நம்ம கட்டுமரமா?" என்று கேட்டு சொரிமுத்து சிரித்துவிட்டார். திருச்செந்தூரில் பார்த்த கட்டுமரத்துக்கும் இதற்கும் ஒரு ஒற்றுமையும் தெரியவில்லை. ஆனால் அந்த மெல்லிய பாய் மேலே ஏறி, காற்றை வாங்கிப் பலூனாகப் புடைத்தபோது சிரிப்பு நின்றுபோனது. அடுத்த இரண்டு வருஷம், மழைக்காலம் போக, ஞாயிறு தவறாமல் இன்ஜினீயர் சுக்கான் பிடிக்க, சொரிமுத்து கயிறு இழுத்தார்.

1964 மே மாதம் இன்ஜினீயருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மழை வருவதற்குள் படகை டிராம்பே மீனவர் குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கரையேற்ற வேண்டும். கூட வர ஆள் இல்லை.

"தனியா கொண்டுவந்துடுவியோ? பயமா இருந்தா வேண்டாம்."

"கொண்டாந்துருதேன் சார்."

சொரிமுத்துவின் மனைவி பூமாரிக்கு இது பிடிக்கவில்லை. "நீந்தத் தெரியாம எதுக்குப் போறிய? படகு அந்த சாரோடதுதான, அவரே ஆள் பிடிக்கட்டும்."

"மிதக்குற சட்டை இருக்கு. சாயந்தரம் வந்துருவேன்."

உண்மையில் அவருக்குப் போக ஆசை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மதியம் கடல் ஏறும் நேரத்தில் அப்போலோ பந்தரிலிருந்து புறப்பட்டார். தென்மேற்குக் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெரிய பாய் ஒன்றை மட்டும் வைத்து, சரக்குக் கப்பல்களைத் தாண்டும்வரை மெதுவாகவே போனார். திறந்த தண்ணீர் வந்ததும் கான்வாஸில் சம்மணமிட்டு, சுக்கான் கழியை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்பின்னாக்கரை ஏற்றினார். அது படபடத்தது, ஒருமுறை முறுக்கியது, பிறகு சட்டென்று நிறைந்தது. படகு முன்னால் பாய்ந்தது. வெயில் பாயின் வழியாக வர, தான் போட்ட தையல் ஒரு கறுப்புக் கோடாக மேலே தெரிந்தது. யாருமில்லாத இடத்தில் சொரிமுத்து சத்தம் போட்டுக் கூவினார்.

எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் துறைமேடை நெருங்கியது. அதற்கு அப்பால் அணு உலையின் வெள்ளைக் கும்மட்டம். அந்தக் கரைப்பக்கம் படகு போகக்கூடாது. பாயை இறக்கிவிட்டு விலகிப்போக வேண்டும். கயிற்றை அவிழ்த்தார். பாய் இறங்கவில்லை. இழுத்தார், உதறினார். உச்சிக் கப்பியில் கயிறு மாட்டிக்கொண்டிருந்தது. பாய்மரத்தில் ஏறினால் இந்தச் சின்னப் படகு கவிழும். படகோ கும்மட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

காவலர்களின் லாஞ்ச் படகு ஒன்று வந்தது. "ஏய்! உதர் மத் ஜாவ்! பந்த் ஹை!" அந்தப் பக்கம் போகாதே, தடை என்று அதட்டினார்கள். பாய் இறங்க மாட்டேன் என்கிறது என்று சொரிமுத்து தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினார். அவர்கள் வீசிய கயிறு எட்டாமல் தண்ணீரில் விழுந்தது.

இடுப்பில் தார்ப்பாய் அறுக்கும் கத்தி இருந்தது. எடுத்தார். ஆனால் கைக்கு எட்டிய இடத்தில் அறுத்தால் மேல்பாதி அப்படியே நிற்கும். அதுவும் காற்றைப் பிடிக்கும். கத்தியை மடக்கி வைத்தார். பாயின் ஒரு கீழ்முனைக் கயிற்றை முழுவதும் விட்டுவிட்டார். பாய் முன்னால் கொடிபோலப் பறந்து அடித்தது. மரம் அதிர்ந்தது, படகே நடுங்கியது. சுக்கானைக் காலால் மிதித்துக்கொண்டு, மற்ற முனையைப் பிடித்துப் பெரிய பாயின் காற்றுப் படாத மறைவுக்குள் இழுத்தார். பிறகு எழுந்து நின்று, நனைந்த ஜமுக்காளத்தைப் பிழிவதுபோல் முறுக்கினார். முறுக்க முறுக்கப் பாய் கயிறாக ஒடுங்கியது. தலைத்துண்டால் அதை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

சுக்கானைத் திருப்பினார். படகு கும்மட்டத்தை விட்டு விலகிச் செல்லும்வரை லாஞ்ச் பக்கத்திலேயே வந்தது.

டிராம்பேயில், இடுப்பில் பெல்ட்டோடு இன்ஜினீயர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னடா இது, பாயை முறுக்கு சுத்தி வெச்சிருக்கே?"

"எறங்க மாட்டேன்னுட்டு சார்."

படகைச் சேற்றில் சாய்த்துப் பார்த்தார்கள். கப்பிச் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் கயிறு சிக்கியிருந்தது. லேசாக ஓடட்டும் என்று போன வாரம் சொரிமுத்துதான் மெல்லிய கயிறாக மாற்றியிருந்தார்.

"தப்பு என்னோடதுதான் சார்."

"பயந்தியோ?"

"அவுத்துவிட்டப்ப பயந்தேன். அதுக்கு முன்னால ரொம்ப நல்லா இருந்துது சார். தனியாப் போனது."

இன்ஜினீயர் சிக்கிய கயிற்றை இழுத்துப் பார்த்தார். "இடுப்பு சரியானாலும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு நீயே எடுத்துண்டு போ. கயித்தை மட்டும் மாத்திடு."

அப்படியே நாலு வருஷம் நடந்தது. 1966இல் ஒரு தடவை பூமாரியும் அவரோடு படகில் வந்தாள். பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இன்ஜினீயர் மாற்றலாகிப் போனபோது படகை விற்றார். வாங்கியவரிடம் படகு ஓட்ட ஆட்கள் இருந்தார்கள்; சொரிமுத்துவின் ஞாயிறு சவாரி அதோடு நின்றது. ஆனாலும் படகுக்காரர்களிடமிருந்து கிழிந்த ஸ்பின்னாக்கர்கள் வடாலாவுக்கு வந்துகொண்டிருந்தன. சொரிமுத்து தைத்து முடித்ததும், ஒவ்வொன்றையும் பட்டறை வாசலில் காற்றுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்துக் கொடுப்பார்.