முத்தையா அண்ணன் எறியாமல் வைத்த கிண்ணம்

முத்தையா அண்ணன் போய்விட்டார். இன்று காலை, தன் மீனவ ஊரான உடப்பில். பாலாவிச் சந்தியில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அவருடைய மகள் போனில் கோல் எடுத்துச் சொன்னாள்.

பேஸ்புக்கைத் திறந்தால், எங்கள் பழைய பேராசிரியர் அதற்குள் பதிவு போட்டுவிட்டார். "எமது ஆய்வுகூடத்தின் விசுவாசமான ஊழியர்"...

விசுவாசமாம். நாய்க்குச் சொல்கிற சொல்.

அந்த ஊழியர் என்ன செய்தார் என்று அவர் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பேராசிரியரை இந்தப் பதிவில் டெக் செய்தும் இருக்கிறேன், வாசிக்கட்டும்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன், அண்ணன் லேப் அட்டென்டன்ட். எலிக்குஞ்சின் மூளையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்ப்பது வேலை. இன்னதாக ஆவோம் என்று இன்னும் முடிவெடுக்காத கலங்கள் அவை. சுத்தமாகப் பிரித்துத் தனியே வைத்தோம். சில நாளில் பெருகுவதை நிறுத்தி, வேறு கலங்களாக மாறிப்போயின. எட்டு மாதம் இதே கதை.

ஒருநாள் கிண்ணம் மாறிவிட்டது. இரத்தக்குழாய்க் கலங்கள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த கிண்ணத்தில் ஸ்டெம் செல்களை ஊற்றியது நான்.

பேராசிரியரின் ஏச்சு விழுந்தது அண்ணனுக்கு. "மீன் கழுவுற கையால இதுகளைத் தொடாத எண்டு எத்தின தரம் சொல்றது? எறி அதை!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. என் ஸ்கொலர்ஷிப் அந்த ஆளின் கையில்.

"ஓம் சேர், எறியிறன்" என்றார் அண்ணன். எறியவில்லை. கழித்த எதையும் அன்றே வெளியே போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. இன்கியுபேட்டரின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார். "உயிருள்ள சாமான் தம்பி... நாலு நாள் கிடக்கட்டும்."

ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட புள்ளையள வந்து பாருங்க. அக்கம்பக்கத்தில ஆள் இருக்கவும் பெருகிட்டு நிக்குதுகள். தனிக்காட்டில விட்டா அதுகளும் என்ன செய்யும்?"

நுண்ணோக்கியில் பார்த்தேன். ஸ்டெம் செல்கள் மாறாமல் இருந்தன, பிரிந்து பெருகிக்கொண்டும் இருந்தன. பக்கத்துக் கலங்கள் விடுகிற சமிக்ஞைகள்தான் அவற்றை அப்படி வைத்திருந்தன. நாங்கள் 'சுத்தம்' என்று கழித்துக்கொண்டிருந்தது அவற்றுக்கு வேண்டிய அயலைத்தான்.

கட்டுரை வெளியானது. பேராசிரியர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அண்ணன் பெயர் நன்றிப் பகுதியில்கூட இல்லை.

பேராசிரியரிடம் ஒருதரம் கேட்டேன். "அட்டென்டன்டுக்கு நன்றி போட்டா, பிறகு வாசல்ல நிக்கிற வாட்சருக்கும் போடவேணும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

போன வருடம் உடப்புத் தேர்த் திருவிழாவில் கண்டபோது அண்ணன் கேட்டார். "அந்தப் பேப்பர பிரின்ட் எடுத்துத் தாங்களன் தம்பி. மகளுக்குக் காட்டவேணும், நம்பமாட்டா."

"தேடிப் பாக்கிறன் அண்ணன்" என்றேன். என் போனிலேயே கிடந்தது. அவர் பெயர் இல்லாத தாளை எப்படிக் கொடுப்பது...

இன்று சந்திக் கடையில் பிரின்ட் எடுத்தேன். அண்ணன், பேராசிரியரின் பெயருக்கு மேலே உங்கள் பெயரைப் பேனையால் எழுதியிருக்கிறேன். மகளிடம் கொடுக்கப் போகிறேன்.

கிண்ணத்தை மாற்றி எடுத்தது நான், அண்ணன்.

போயிட்டு வாங்க.