நாலைக் கழிக்கணும்

அதிராம்பட்டினம் மீன்பிடித் துறையில் ரெத்தினத்தைத் தெரியாத படகுக்காரன் கிடையாது. நண்டு விற்கிறவள். எட்டாவது வரைக்கும் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. வாயும் லேசுப்பட்டதில்லை. "அந்தக் கெட்டிக்காரத்தனத்தாலதான் என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்று இப்போது அவளே சொல்கிறாள். இரண்டாயிரத்து ஒன்பது கார்த்திகையில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நண்டுக் கூடையாலேயே சாத்தியிருப்பாள்.

அவள் புருஷன் மருதையனிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிபிஎஸ் இருந்தது. ஜாஃபர் சாதிக் கடையில் வாங்கியது. பாய் ஒன்பது வருஷம் துபாயில் டாக்சி ஓட்டிவிட்டு வந்து துறைமுக ரோட்டில் கடை போட்டவர். யார் போனாலும் அவர் பேச்சை ஒரு பாட்டம் கேட்டுவிட்டுத்தான் வர முடியும். "காருக்கு ஒரு வகை இருக்கு, 'இடது பக்கம் திரும்பு'ன்னு வாயத் தொறந்து சொல்லும். நெலம் அளக்குறவங்களுக்குக் கம்பு மேல மாட்டுற வகை. பெரிய விசைப்படகுக்கு டிவி மாதிரி, மேப்போட. ஒங்களுக்கு இது போதும், ரெண்டு பேனா பேட்டரி, பாலித்தீன் பையில போட்டு ரப்பர் பேண்டு மாட்டிக்குங்க." ரெத்தினத்தின் தம்பி தமிழரசன் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறான். அவன் லாரியில் இன்னொரு வகை. வண்டியை டீ குடிக்க நிறுத்தினாலும் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிந்துவிடுமாம். போனில் அவன் அழாத குறையாகச் சொன்னபோது ரெத்தினம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுல ஒண்ணு இங்க அனுப்புடா, ஒன் மச்சான் இடுப்புல கட்டி விடுறேன்!"

மருதையன் அதைக் கேட்டு முறைத்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, அதுதான் அவன் தொழிலே. கடலுக்கு அடியில் எங்கே பாறை கிடக்கிறது, எங்கே நண்டு கூடுகிறது என்று வருஷக்கணக்காக அலைந்து கண்டுபிடித்து, அந்த இடத்தின் நம்பரை மெஷினில் ஏற்றி வைப்பார்கள். அதைத்தான் பாயிண்ட் என்பார்கள். ஒருத்தன் பாயிண்ட்டை இன்னொருத்தன் தெரிந்துகொண்டால் மறுநாள் அங்கே பத்துப் படகு நிற்கும். மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தால் போச்சு. பாய் நல்ல மனுஷர்தான், ஆனால் கடையில் கூடுகிற கூட்டம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நம்பரைச் சுட்டுவிடும். அதனால் ரிப்பேருக்கு முன்னால் பாயிண்ட்டெல்லாம் அழித்துவிடுவார்கள். அழிப்பதற்கு முன்னால் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டுமே.

எழுதுகிற வேலை ரெத்தினத்துக்கு. மருதையனுக்கு எழுத்து வராது. நம்பர் அமுக்கத் தெரியும், அவ்வளவுதான். "நோட்டு எவன் கையிலயாவது சிக்கிட்டா என்னடி பண்றது?" என்று அவன் கேட்டபோது, ரெத்தினம் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"வடக்கு நம்பர்ல நடுவுல வர்றதோட நாலைக் கூட்டி எழுதுறேன். மெஷின்ல ஏத்தறப்ப நாலைக் கழிச்சு ஏத்திக்குங்க. திருடுறவன் திருடட்டும், வெறுந்தண்ணியில நிப்பான்."

மருதையன் அவள் கன்னத்தைக் கிள்ளினான். நாலு என்றால் கடலில் ஏழு கிலோமீட்டருக்கும் மேலே. பாயிண்ட்டுக்குப் பேர்கூடக் கள்ளப் பேர்தான், ரசப்பொடி, வெத்தலப்பெட்டி என்று. இருப்பதிலேயே நல்ல பாறைக்கு "மாமியா வீடு" என்று வைத்தான். போனால் வெறுங்கையோடு அனுப்பாதாம். மெஷின் ரிப்பேராகி வரும்போதெல்லாம் ரெத்தினம் நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பாள், அவன் மனசுக்குள் கழித்து அமுக்குவான். வாசிக்க வாசிக்க அவள் சொன்ன நம்பரெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நிஜ நம்பர் மெஷினுக்குத்தான் தெரியும்.

இராஜாங்கம் விவகாரம் இதில் வந்ததுதான். இராஜாங்கம் மூன்று படகுக்குச் சொந்தக்காரர், நல்லவர், கோபக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருதையனிடம், "தம்பி, அந்தப் பக்கம் பாறை எங்க இருக்குன்னு சொல்லு, புது வலை, ஒதுங்கிப் போறேன்" என்று கேட்டார். மருதையன் நோட்டு நம்பரைச் சொல்லிவிட்டான். அதை நம்பி ஒதுங்கிப் போன மனுஷர் நேராக நிஜப் பாறையில் போய் வலையை விட்டார். நார் நாராகக் கிழிந்தது. பெரிய ரகளை. மாரியம்மன் கோயிலில் மருதையன், "எனக்குத் தெரிஞ்ச நம்பரைத்தான் சொன்னேன்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். பக்கத்தில் ரெத்தினம் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருதையனோடு போகிற ஆளுக்குக் காய்ச்சல். "தனியாப் போக வேணாங்க" என்று ரெத்தினம் சொன்னாள். கேட்டால்தானே! விடிவதற்கு முன்னால் அவன் கடலுக்குப் போனான், அவள் முதல் பஸ்ஸில் கூடையோடு பட்டுக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனாள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவனிடம். பன்னிரண்டரைக்கு அவள் திரும்பி வந்து இறங்கியபோது பாய் கடை வாசலில் கூட்டம் நின்றது. அவளைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள்.

"என்ன பாய்? அவருக்கு என்ன?"

பாய் சொன்னார். எட்டு மணிக்கு மருதையன் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறான். படகில் விரிசல், இன்ஜின் நின்றுவிட்டது, வாடைக்காற்று தூக்கி அடிக்கிறது. நங்கூரம் போட்டுவிட்டு, தண்ணீரை மோந்து மோந்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். பதினொரு மணி வரைக்கும் தாங்கும் என்றானாம். நம்பரைச் சொல்லி முடித்ததும் போன் கட்டாகிவிட்டது. உடனே கிளம்பியது யார் தெரியுமா? இராஜாங்கம். பழசை நினைக்காமல் மூன்று படகையும் எடுத்துக்கொண்டு போய், சொன்ன இடத்தை ஒன்றரை மணி நேரம் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். அங்கே ஒரு குச்சிகூடக் கிடையாது. நங்கூரம் அறுத்துக்கொண்டு காற்றோடு போயிருப்பான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்பரைக் காட்டுங்க" என்றாள் ரெத்தினம்.

பாய் துண்டுச் சீட்டை நீட்டினார். "மெஷின் நனைஞ்சு அணைஞ்சு போச்சு, எனக்கு மனப்பாடம், எழுதிக்குங்கன்னு சொன்னான் அக்கா. மாமியா வீட்டுல நிக்கிறேன்னு வேற சொன்னான். பயத்துல ஏதோ உளறுறான்னு நெனச்சேன்."

வடக்கு நம்பர் பத்து, பத்து, நானூற்றுப் பதினைந்து. சீட்டில் இருந்தது அவள் வாசித்து வாசித்து அவன் காதில் ஏற்றிய நம்பர். மெஷின் இருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பான். மெஷின் போனதும் அவள் குரல்தான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. உயிர் போகிற அவசரத்தில் எவனுக்குக் கழித்தல் கணக்கு ஓடும்!

கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அரிசிப் பானைக்குள் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து, இராஜாங்கம் காலடியில் விழுந்தாள்.

"அண்ணே, நாலைக் கழிக்கணும்ண்ணே! பத்து பத்து இல்ல, பத்து ஆறு. இன்னும் தெக்க. அவரு அங்கதான் நிக்கிறாரு. நான்தான் கூட்டி எழுதினேன், எல்லாத்தையும் நான்தான் கூட்டி எழுதினேன்."

இராஜாங்கம் நோட்டைப் புரட்டினார். அறுபது, எழுபது பாயிண்ட். சுற்றி நின்றவர்கள் எல்லாருடைய கண்ணும் அதில். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"என் வலை போச்சே தங்கச்சி, அன்னைக்கு அவன் சொன்ன நம்பரு?"

"அதுவும் நாலுதாண்ணே."

"சூடம் அணைச்சானே!"

"ஆமாண்ணே. நானும் பக்கத்துல நின்னேன். என்னைச் செருப்பால அடிங்க, திரும்பி வந்து அடிங்க. இப்பப் போங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எல்லாப் பாயிண்ட்டையும் எடுத்துக்குங்க, அவரை மட்டும் கொண்டாங்க!"

பெரிய மனுஷரின் முகம் கோபத்தில் துடித்தது. நோட்டை அவள் மேலேயே வீசினார். வீசிவிட்டு, "டேய், டீசல் ஊத்துங்கடா, பத்து ஆறு!" என்று கத்திக்கொண்டே படகைப் பார்த்து ஓடினார். ஒரு மணிக்கு மூன்று படகும் போய்விட்டன.

ரெத்தினம் படகுத்துறைப் பாலத்தின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். கும்பிடாத சாமி இல்லை. பதினொரு மணி வரைக்கும் தாங்கும் என்றவன் ஒரு மணிக்கும் மோந்துகொண்டுதான் இருப்பான், வீம்பு பிடித்த ஆள், லேசில் விட மாட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காலையில் இராஜாங்கத்தின் படகுகள் வடக்கே சுற்றியபோது அவன் பார்த்திருப்பானா? தூரத்தில் கொடி தெரிந்திருக்குமா? ஏன் இங்கே வராமல் அங்கேயே சுற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பானா? அப்போதாவது அவனுக்கு நாலு ஞாபகம் வந்திருக்குமா? வந்திருந்தால் தன்னைத் திட்டியிருப்பான். திட்டட்டும், வந்து திட்டட்டும். பாய் டீ கொண்டு வந்து வைத்தார், அது ஆடை கட்டிப் போயிற்று. பாலைவனத்தில் ஓடுகிற தம்பியின் லாரியை ஆபீசில் ஒருத்தன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று நினைத்ததும்தான் அவளுக்கு அழுகை பீறிட்டது.

ஐந்தரை மணிக்குக் கடலில் படகு தெரிந்தது. ரெத்தினம் எழுந்து நின்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினாள். நாலு!

"பாய், நாலு வருது! நாலு படகு வருது பாய்!" என்று கத்தினாள். மாரில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். பாய் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். நாலாவது படகு கயிற்றில் வருவதும், அதில் யாரும் நிற்காததும் அவருக்குத் தெரிந்தது. அவர் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

மருதையன் இராஜாங்கத்தின் படகில் உயிரில்லாமல் கிடந்தான். காற்று கொண்டுபோய்விடக் கூடாது என்று தன்னைத் தன் படகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தானாம். மோந்து ஊற்றிய வாளி கையிலேயே மாட்டியிருந்தது. உயரத் தெரியட்டும் என்று சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டிப் படகு ஓரத்தில் நட்டிருந்தானாம்.

இராஜாங்கம் இறங்கி வந்தார். திட்டுவார், அடிப்பார் என்று ரெத்தினம் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"எங்கண்ணே இருந்தாரு?"

"நீ சொன்ன எடத்துலதான் தங்கச்சி. அங்க இங்க ஒரு அடி நகரல. நம்பர் சரியாத்தான் இருந்துச்சு."