மூச்சு விடாத முன் காபரேற்றர்

என் காரின் எஞ்சினை மூடும் பொனற்றுக்குள் ஒரு முழ நீளத்தில் ரப்பர் குழாய் ஒன்று கிடக்கிறது. நேற்றுக் காலை அதை எடுத்துக் காதில் வைத்தபோது சம்மாட்டியார் நினைவுக்கு வந்தார். குருநகரில் மூன்று படகுகள் வைத்திருந்ததால் ஊரே அவரைச் சம்மாட்டியார் என்றுதான் அழைத்தது. படகு கரைக்கு வருமுன்பே, சத்தத்தைக் கேட்டு எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுகளைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருடைய ஒரே மகள் என்னிடம் பௌதிகம் படித்தவள். என் அப்பா விட்டுச்சென்ற பழைய சீமைக் காரில்தான் மாதா கோயிலுக்குக் கலியாணப் பொம்பிளையாய்ப் போவேன் என்று பள்ளிக்கூட நாளிலேயே சொல்லிவைத்திருந்தாள். கலியாணம் நெருங்கியபோது காரோ காய்ச்சல்காரனைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு, எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து ஊட்டும் காபரேற்றர்கள் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் சீராக ஓடும். குழாயின் ஒரு நுனியைக் காபரேற்றரின் வாயிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, இரண்டின் மூச்சையும் ஒப்பிட்டுத் திருகாணியைத் திருப்ப வேண்டும். "உது எனக்கு ஒரு வேலையோ?" என்று சம்மாட்டியார் குழாயோடு வந்து இறங்கினார்.

நான்கு நாள் போயிற்று. "முன்னாலை இருக்கிறவன் கள்ளன், மாஸ்டர். மூச்சே விடுறானில்லை" என்று முன்னதைத் திறந்து திறந்து விட்டார். கழற்றிக் கழுவினார். இரண்டின் உள்ளுறுப்புகளையும் இடம் மாற்றிக்கூடப் பூட்டிப் பார்த்தார். அப்போதும் முன்னால் வந்தவனே கள்ளனானான். கார் முன்னிலும் மோசமாக நடுங்கி தெருவுக்கு வராமல் எங்கள் ஒழுங்கை முடக்கிலேயே நின்றது. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், "வேறை கார் பிடிப்பம், மாஸ்டர். பிள்ளைக்கு நான் சொல்லுறன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குத் தாங்க முடியவில்லை.

கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் சாய்ந்து நின்றவர், முன் காபரேற்றரைக் கேட்கும்போது குழாயை இடது கையால் இடது காதிலும், பின்னதைக் கேட்கும்போது வலது கையால் வலது காதிலும் வைத்தார்.

"அண்ணை, முன்னதையும் வலது காதாலை ஒருக்கால் கேளுங்கோ."

முறைத்துவிட்டுக் கேட்டார். பிறகு குழாயைக் காது மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"உவன் நல்லாய்த்தானே மூச்சு விடுறான்!"

எத்தனையோ வருடம் சுக்கானைப் பிடித்து, படகு எஞ்சினுக்கு இடது காதைக் கொடுத்து உட்கார்ந்தவர். அந்தக் காது எப்போதோ விடைபெற்றுவிட்டது. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, மாஸ்டர்" என்று கெஞ்சினார். அவருக்குத் தேநீர் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து பின்னால் நின்ற அவர் மனைவியை நாங்கள் இருவருமே காணவில்லை.

"கடவுளே! இவர் சாப்பிடுற கதிரைக்கு இடப்பக்கம்தான் நான் சமைக்கிற குசினி வாசல். இவ்வளவு காலமும் அதிலை நிண்டுதான் ஏசினனான். ஒரு சொல்லு திருப்பிச் சொன்னதில்லை. பொறுமையான மனுசன் எண்டெல்லோ நினைச்சன்!"

அதன்பின் கால் மணி நேரத்தில் கார் சரியாகிவிட்டது. இந்த முறை இரண்டுக்கும் ஒரே காதுதான்.

கலியாணத்தன்று தகப்பனும் மகளும் பின் இருக்கையில் ஏறினார்கள். ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, "பிள்ளை, மற்றப் பக்கம் வா. இந்தக் காது கேளாது" என்று உரக்கச் சொல்லி மகளை வலப்பக்கம் இருத்தினார். எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடியதால் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் அவர்கள் பேச்சுக் கேட்டது.

"அப்பா, இனி அம்மா வலப்பக்கம் நிண்டு ஏசுவா. பாவம் நீங்கள்."

"ஏசட்டும், பிள்ளை. நீ போனாப்பிறகு எங்கடை வீட்டிலை வேறை என்ன சத்தம் கேக்கப்போகுது?"

கண்ணாடியில் பின்னால் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

என் பிள்ளைகளும் இப்போது கனடாவில். நேற்று நான் குழாயைக் காதில் வைத்திருந்தபோது குசினி வாசலில் நின்று என் மனைவி ஏதோ ஏசத் தொடங்கினாள். எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னனீர்? திருப்பிச் சொல்லும்" என்றேன்.