இறங்கத் தேவையில்லாத சாவடி

செய்தி வந்தபோது காலை ஏழே கால். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் தான் வேலை செய்யும் தொலைபேசிக் கடையின் இரும்புக் கதவை அருள்நேசன் அரைவாசிக்குத் தூக்கியிருந்தார். மனைவி மரியமலர் இறந்துவிட்டதாக மருத்துவமனைத் தாதி தொலைபேசியில் சொன்னாள். "மெர்சி, மடாம்" என்று சொல்லிவிட்டு மிச்சக் கதவையும் தூக்கினார். பிறகுதான் நினைவு வந்து இறக்கினார்.

மரியமலர் கேட்டிருந்தது ஒன்றுதான். மன்னாரில், தான் ஞானஸ்நானம் பெற்ற கோவிலில், தன் பெயருக்கு ஒரு பூசை. அதற்கு அவர் நேரில் போக வேண்டும். அவரோ சண்டைக் காலத்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர், பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. சீருடையைக் கண்டால் கால் சொல்வழி கேட்காது. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தில் சீட்டுப் பரிசோதகர்கள் நின்றால், கையில் சீட்டு இருந்தாலும் மறுவாசலால் சுற்றிப் போகிற மனிதர்.

சியோலில் படித்துக்கொண்டிருந்த மகள் நிரஞ்சலா அடுத்த வசந்தத்தில் அவரை வரவழைத்தாள். மூன்றாம் நாள், வட கொரிய எல்லையைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் இரண்டு இடம் பதிந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஆமிக்காரன் நிக்கிற இடத்தை ஆரும் காசு குடுத்துப் பாப்பினமோ?"

"சனம் அள்ளுப்பட்டுப் போகுதப்பா. இதைத் தாங்கினியள் எண்டால் மன்னாரையும் தாங்குவியள்."

"ஓகோ, எனக்குச் சோதினை வைக்கிறியோ?"

"ஓம். பெயில் எண்டால் திரும்ப எழுதலாம்."

எல்லைக்கு முன் ஒரு பாலத்தில் பேருந்து நின்றது. கடவுச்சீட்டுப் பார்க்க இளம் சிப்பாய் ஒருவன் ஏறினான். அருள்நேசன் எழுந்தார். மேல்தட்டிலிருந்து பையை இறக்கி, கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தபடி அவனைத் தாண்டி இறங்கினார். வீதியோரம் முப்பது அடி நடந்து, பையைத் தரையில் வைத்து, ஜிப்பைத் திறந்துவிட்டு நேராக நின்றார். சண்டைக் காலத்து மன்னார் வீதிச் சாவடிகளில் முழு பஸ்ஸும் அப்படித்தான் இறங்கும். இங்கே பின்னால் ஒருவரும் வரவில்லை. நாற்பது முகங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தன.

நிரஞ்சலா ஓடிவந்தாள். "ஏனப்பா இறங்கினனீங்கள்?"

"செக்கிங் எண்டால் இறங்கத்தானே வேணும்?"

"இஞ்சை நாங்கள் இருக்கிறம், அவர்தான் வருவார்."

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "நான் இப்பிடியே திரும்பிப் போறன் பிள்ளை. மன்னாரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அதற்குள் சிப்பாயும் இறங்கி வந்துவிட்டான். பையைக் கிளறவில்லை. குனிந்து ஜிப்பைப் பூட்டினான், தூசியைத் தட்டினான், பெரியவர்களுக்குக் கொடுக்கும் தங்கள் வழக்கப்படி இரண்டு கைகளாலும் நீட்டி, தலை தாழ்த்தினான். அருள்நேசன் வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். சீருடை போட்ட எவனும் அவருக்கு எதையும் அப்படித் தந்ததில்லை.

"வாங்குங்கோவன் அப்பா, அவரின்ரை கை நோகப்போகுது."

வாங்கினார். பேருந்தில் ஏறியபோது ஒரு கிழவி கைதட்டினாள். வெட்கத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது அதே பாலத்தில் வேறொரு சிப்பாய் ஏறினான். அருள்நேசன் முழங்கால்களை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அவன் கடந்து போகும்வரை எழவில்லை.

"கொழும்பிலையிருந்து மன்னாருக்கு இப்ப எவ்வளவு நேரம் பிடிக்குமாம்?" என்று மகளிடம் கேட்டார்.

பூசைக்கு ஆகஸ்ட் பத்தாம் திகதியை மன்னார்ப் பங்குத்தந்தை தந்துவிட்டார். விமானச்சீட்டும் எடுத்தாயிற்று. கடை முதலாளி இராஜேந்திரனிடம் விடுப்புக் கேட்க மட்டும் இன்னும் துணிவு வரவில்லை.