மாற்றி வைத்த இடம்

எல்லைப் போராட்டம் நடந்த அந்த வருடங்களில் என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. காரக்கோணத்துக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் கோஷம் கேட்டால் சாக்பீஸைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று யார் மனு எழுதினாலும் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அண்ணன் எனக்கு நேர் எதிர். அமரவிளையில் சைக்கிள் கடை வைத்திருந்தான், பேச்சு குறைவு. அரிசித் தட்டுப்பாட்டில் நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போட முடியாமல் திண்டாடுவதைப் பார்த்து, மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்க ஒரு யந்திரம் செய்தான். பழைய சைக்கிள் சக்கரத்தைச் சுற்றித் தகரம், தகரம் முழுக்க ஆணியால் குத்திய ஓட்டைகள். பெடலை மிதித்தால் கிழங்கு பூப்போலத் துருவலாக விழும். ஆனால் தகரம் துருப்பிடித்து மாவில் பழுப்பு ஏறியது, வெள்ளைப் பாவில் கறையாக நின்றது. வேறு எந்த உலோகம் சரிப்படும், எப்படிக் கழுவினால் வெளுக்கும் என்று சோதித்துப் பார்க்க அவனிடம் ஒரு சாமானும் கிடையாது.

அப்போதுதான் சிறுதொழிலுக்குப் புதுக் கருவி செய்கிறவர்களுக்கு அரசாங்கம் உதவுகிறது என்று பேப்பரில் வந்தது. தேர்வானால் திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று மாதம் இடம். மோட்டார், லேத், மாவைச் சோதித்துச் சொல்ல ரசாயனம் படித்தவர்கள், எல்லாம் சர்க்கார் செலவு. பள்ளி முகவரி கொடுத்து நான்தான் விண்ணப்பம் எழுதினேன். ஒரு அதிகாரி வந்து பெடலைத் தானே மிதித்துப் பார்த்து, “கொள்ளாம்”, நன்றாயிருக்கிறது, என்றார். அந்த ஒரு சொல்லில் அண்ணன் இரண்டு மாதம் காலம் தள்ளினான்.

பிறகு சத்தமே இல்லை. பஸ் ஓடாத நாள், கடை திறக்காத நாள், தபால் வராத நாள் என்று மாறி மாறி வந்தது.

“மக்கா, வல்லதும் வந்துதா?” என்று தினமும் கேட்டான்.

“ஒண்ணும் இல்ல அண்ணா. நான் நேரில போயிட்டு வாறேன்” என்றேன். அவன் மலையாளம் பேசினால் நாலு வார்த்தையில் தடுமாறுவான். நான் வெளுத்துக்கட்டுவேன்.

இரண்டு கடையடைப்புக்கு நடுவில் ஒருநாள் பஸ் பிடித்துப் போனேன். ஆபீஸ் வராந்தாவில் நின்ற ஒருவன் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “பாண்டிகள்க்கு இப்போள் எல்லாம் வேணம்” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சிரித்தான். தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர் பாண்டி. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தச் சூட்டோடுதான் உள்ளே போய்க் குமாஸ்தா முன்னால் நின்றேன். சாதுவான மனிதர். அண்ணன் பெயரைச் சொன்னதும், “அது மாற்றி வெச்சிட்டுண்டு டீச்சரே. இரிக்கணே” என்று சொல்லி அலமாரிப் பக்கம் திரும்பினார்.

நான் உட்காரவில்லை. தள்ளிப் போட்டுவிட்டார்கள், இனிக் கிடைத்த மாதிரிதான் என்று படியிறங்கி வந்துவிட்டேன்.

“மாத்தி வச்சிட்டாவ. நாம தமிழராக்கும், அதான்” என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் மறுநாள் தகரத்தைப் பிரித்து, சக்கரத்தை யாருடைய சைக்கிளுக்கோ மாட்டிக்கொடுத்துவிட்டான். ஆனால் நான் சும்மா இருப்பேனா? பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் அண்ணனின் யந்திரம் மேடைப் பேச்சில் ஏறிவிட்டது. பாறசாலைக் கூட்டத்தில் அவனே வந்து பேச வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

கூட்டத்தன்று மத்தியானம் பள்ளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் தங்களுக்கென ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தோம். தங்கள் தங்கை நேரில் வந்தபோது அதைத் தெரிவித்தோம். உத்தரவைக் கையில் தருவதற்குள் அவர் போய்விட்டார். தபாலில் அனுப்பியும் ஒரு மாதமாகத் தாங்கள் வந்து சேராததால் அந்த இடம் வேறொருவருக்குத் தரப்பட்டது.

அவர்கள் தபாலில் அனுப்பியது எங்களுக்கு வரவே இல்லை. ஆனால் கையில் வாங்க வேண்டியதை விட்டுவிட்டு வந்தவள் நான். மாற்றி வைப்பது என்றால் தள்ளிப் போடுவது மட்டுமா? ஒருவருக்கென்று எடுத்து வைப்பதும் அதுதானே. “அண்ணனுக்கு ரெண்டு துண்டம் மீன் மாத்தி வச்சிரு” என்று எங்கள் வீட்டில் தினமும் சொல்கிற வார்த்தை. அதை அன்று என் காது கேட்கவில்லை. வராந்தாவில் சிரித்தவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மைதானத்துக்கு ஓடினேன். மேடைக்குப் பின்னால் அண்ணன் சலவைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன்.

“அப்போ எனக்கு ஒரு இடம் அங்க காத்துக் கெடந்துதா?” என்றான்.

“கெடந்துது அண்ணா. நாந்தான் சரியா கேக்காம வந்துட்டேன்.”

அவன் கடிதத்தை என்னிடம் வாங்கி, அதிலிருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான். மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“இத யாருகிட்டயும் சொல்லாண்டாம். இந்த ஊருக்கு மனு எழுத நீ ஒருத்தியாக்கும் உள்ளது” என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேடை ஏறினான்.

அவன் பேசினான். தமிழன் என்பதால் சர்க்கார் தனக்கு இடம் தரவில்லை என்று, நான் ஊரெல்லாம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன். நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது. அநியாயத்தை நினைத்து உடைகிறது என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டாமல் நின்றால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நானும் தட்டினேன்.