வேப்பமரத்திலிருந்து மூன்றாவது மேடு

இலையுதிர் காலத்தை உங்களில் யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. கல்லூரியில் மூன்று வருடம் ஆங்கிலப் பாடத்தில் அதை மனப்பாடம் செய்து பாஸ் செய்தேன், அவ்வளவுதான். ராசிபுரம் பக்கம் ஐப்பசியில் ஓர் இலைகூட மெனக்கெட்டு விழாது. புரட்டாசி மழைக்கே கரட்டுக் குன்றெல்லாம் பச்சையாகிவிடும். கடலைக்காட்டில் ஈர மண் வாசம், வரப்பெல்லாம் தும்பை, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடி ஆள் உயரம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வரும்போது எங்கள் கல்லறைத் தோட்டம்தான் ஊரிலேயே செழிப்பான காடு.

இதை முதலில் யோசித்தவர் அக்காதான். மடத்துச் சிஸ்டர்கள் கொடுத்த வெளிநாட்டுக் காலண்டரில் சிவப்பு இலைக் காடு ஒன்று இருந்தது. வருடம் முடிந்தும் அந்தத் தாளை அவர் கிழிக்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டி ஒருநாள் சொன்னார்: "அங்கெல்லாம் மரமே மொட்டையா நின்னு சாவை நெனப்பூட்டுது புள்ளை. நாம எல்லாம் பச்சையா இருக்குறப்ப நெனைக்கோணும். அதுதான் கஷ்டம்."

நினைவஞ்சலியில் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில், கொத்து வேலை செய்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாக அக்கா பிறந்தார். எட்டு வருடம் கழித்து நான். அக்கா சேலத்தில் நர்ஸ் படிப்பில் இருந்தபோது சாரம் சரிந்து அப்பா இறந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாதத்தில் படிப்புக்குத் திரும்பிய அக்கா, பின்பு சேலத்திலேயே அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், விளக்கு வைத்த பிறகு வருவார். ஊசி போட்டால் வலிக்காது என்று அவருக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். குறையும் சொல்ல வேண்டுமல்லவா? பாட்டு சுத்தமாக வராது. ஆனால் பூசையில் அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும்.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால், நான் கல்லூரியில் சேர்ந்த வருடத்துக் கல்லறைத் திருநாளைத்தான் சொல்வேன்.

அப்பாவை அடக்கம் செய்த பத்தாம் நாள் பெருமழை பிடித்தது. மேடுகள் கரைந்தன. மரச்சிலுவைகள் பிடுங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போயின. அக்கா தேடிப் போய், அப்பா பெயர் எழுதிய சிலுவையைக் கொண்டுவந்து, வேப்பமரத்திலிருந்து இரண்டாவது மேட்டில் நட்டார். அடக்கத்தன்று அம்மா மயங்கிக் கிடந்ததால் அவருக்கு இடம் தெரியாது. நானும் வீட்டில் அம்மாவோடு இருந்துவிட்டேன். அதன்பின் ஆறு வருடம் அந்த மேட்டில்தான் களை எடுத்தோம், சுண்ணாம்பு அடித்தோம், செவ்வந்தியால் சிலுவை போட்டோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் வருடம் முழுவதற்குமான புகார்களை வாசிப்பார்.

ஊருக்கெல்லாம் சிமெண்ட் பூசியவருக்கு மண்மேடுதானா என்பது அம்மாவின் ஆற்றாமை. ஆறாம் வருடம் அப்பாவின் கூட்டாளிக் கொத்தனாரிடம் பேசி, திருநாளுக்கு மறுநாள் காலை கல்லறை கட்டுவதாக முடிவு. செங்கல் வந்து இறங்கிவிட்டது.

திருநாளன்று ஃபாதர் ஒவ்வொரு மேடாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் கையில் மெழுகுவத்தியோடு வந்தார். வருடக்கணக்காக வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தவர். வேப்பமரத்திலிருந்து விரல் விட்டு எண்ணி, எங்கள் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. இது எங்கம்மா மேடுங்க."

அம்மா நிமிரக்கூட இல்லை. "இத்தன வருசம் எட்டிப் பாக்காதவருக்கு இன்னைக்குத்தான் எடம் தெரிஞ்சுதாக்கும்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எங்கள் பக்கம். ஆறு வருடமாக நாங்கள் பூப் போடுவதைப் பார்த்தவர்கள். எனக்குக் கல்லூரி வாய் வேறு. "மண்ணுல நம்பர் பிளேட்டு மாட்டிட்டுப் போனீங்களாண்ணா?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அந்த அண்ணன் தலை குனிந்தார். வராதது உண்மைதானே. மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காலையில் சிமெண்ட் விழுந்துவிடும், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் அவர் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நில்லுங்கண்ணா" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "மழை விட்டு சிலுவை நட்ட அன்னைக்கு ரெண்டாவதா மூணாவதான்னு எனக்கே தெரியலைம்மா. நீ அழுதுட்டு நின்னே. ஏதோ ஒண்ணுல நட்டுப்போட்டேன். ஆறு வருசமா இங்க முட்டி போடறப்பெல்லாம் சொல்லப் பயந்துட்டு, அடுத்த மேட்டையே பாத்துட்டு இருந்தேன்."

அந்த அண்ணன் திரும்பி வந்து, தன் அம்மாவின் அம்மிக் குழவியைத் தலைமாட்டில் புதைத்திருப்பதாக மெல்லச் சொன்னார். அக்காவே களைக்கொத்தை எடுத்துத் தோண்டினார். ஒரு முழம் போனதும் கல்லில் இடித்தது.

அம்மா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில் அம்மா அந்த அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப ஆறு வருசமா என் ஊட்டுக்காரர் மேல இருக்குற குறையெல்லாம் உங்கம்மாகிட்டயா சாமி சொல்லீட்டு இருந்தேன்?"

"நல்லாக் கேட்டிருக்குமுங்க. எங்கம்மாளுக்கு அடுத்த ஊட்டுக் கதைன்னா சோறே வேண்டாமுங்க."

முதலில் சிரித்தவர் அம்மா. அப்புறம்தான் அழுதார்.

மூன்றாவது மேட்டை ஆறு வருடம் யாரும் தொட்டிருக்கவில்லை. புல் முழங்கால் உயரம். மேலே முழுக்கத் தும்பை பூத்துக் கிடந்தது, தேனீ மொய்த்தது. நாங்கள் அடித்த சுண்ணாம்பு எதுவும் அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை. அம்மா அவசரமாகக் களைக்கொத்தை எடுக்க, அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா. நாம வராட்டியும் ஆண்டவர் வந்து பாத்துட்டுத்தான் போயிருக்கார்."

மறுநாள் கொத்தனார் அந்த இடத்தில் கட்டினார். மிஞ்சிய செங்கல்லில் இரண்டாவது மேட்டுக்கும் ஒரு விளிம்பு வைத்தார். அதன் பிறகு வருடா வருடம் அக்கா இரண்டு மேட்டுக்கும் பூ வாங்கினார். நான் அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒரு வருடம் ஆனது.

அக்கா தைரியசாலி என்று பலர் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவர்தான். பயந்துகொண்டே உண்மையைச் சொன்னவர். காட்ட ஓர் உதிர்ந்த இலைகூட இல்லாத ஊரில், எல்லாம் செழித்து நிற்கும் பருவத்தில், மண்ணுக்கடியில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தவர். திருநாள் எதற்கு என்பதை நான் பிரசங்கத்தில் கற்கவில்லை, அன்றுதான் கற்றேன்.

போன புரட்டாசியில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. கிளினிக்கில் மயங்கி விழுகிறவரை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊரில் மழை பெய்ததா என்று தினமும் கேட்டார். பெய்தது என்று சொன்ன நாளில் போய்விட்டார். இருபத்தொன்பது வயது. அப்பாவுக்குப் பக்கத்தில் நான்காவதாக வைத்தோம்.

பகலும் இரவும் முறை போட்டுப் பார்த்துக்கொண்ட கிளினிக் தோழிகளுக்கும் டாக்டருக்கும், எங்களுக்காகப் பட்டாசு வெடிக்காமல் தீபாவளியை முடித்துக்கொண்டு, கூடை நிறைய செவ்வந்தி அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், கூலி வாங்காத கொத்தனார் மாமாவுக்கும், பங்கு ஃபாதருக்கும், ஏற்றிய லோடை இறக்கி வைத்துவிட்டு அக்காவைச் சேலத்திலிருந்து தன் லாரியில் ஊருக்குக் கொண்டுவந்த அந்த அண்ணனுக்கும் நன்றி. சொல்லி முடியாது, அதனால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்.

மணி ஐந்தரை. மழை பிடித்துவிட்டது. அம்மா இன்னும் கல்லறைத் தோட்டத்திலிருந்து வரவில்லை.