இறால் கம்பெனித் தமிழ்

அந்த ஒடியா அம்மாவை நினைத்தால் முதலில் அவளுடைய விரல்கள்தான் கண்ணுக்குள் வருகின்றன. காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கிடந்து இறால் உரித்த விரல்கள். வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். படப்புத்தகத்தைத் தொடுவதற்கு முன் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைப்பாள். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு, "நாத்தம் போகல" என்று சிரிப்பாள். புத்தகத்துக்கு அப்படி மரியாதை கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முத்தையாபுரத்தில் லைன் வீடுகளை ஒட்டியிருந்த ஒரு கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் நான் வகுப்பு நடத்தினேன். ஒடிசா, பீகார் என்று தூரத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கான வகுப்பு. பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் அங்கே ஒரே சட்டம். அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும். படத்தைப் பார்த்து முதலில் தங்கள் மொழியில் பிள்ளைக்குக் கதை சொல்ல வேண்டும். பிறகு இருவருமாகச் சேர்ந்து தமிழில் எழுத்துக் கூட்ட வேண்டும். இப்போது வருகிற அம்மாமார் கையில் செல்போன் இருக்கிறது, எதைக் காட்டினாலும் அது மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது. அன்று அதெல்லாம் கிடையாது. பாதிப் பேர் இரண்டாம் வாரமே காணாமல் போவார்கள். வாரம் முழுக்க இடுப்பொடிய உழைக்கிறவர்களை என்ன சொல்ல முடியும்? இவள் மட்டும் ஒரு ஞாயிறும் விட்டதில்லை.

அவளுடைய தமிழ் முழுக்க இறால் கம்பெனியில் பொறுக்கியது. அங்கே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, 'அடியே' என்கிற மாதிரி, 'ஏளா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்ணைக் கூப்பிடத் தமிழில் அதுதான் சொல் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். இருபது வயது மூத்த என்னையும் ஏளா என்றுதான் அழைப்பாள். மற்ற அம்மாமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கென்னவோ அது பிடித்துப்போயிற்று, விட்டுவிட்டேன். ஆனால் வாசிப்பில் தப்பு வந்தால் அவளுடைய மகள் விட மாட்டாள். ஐந்து வயதுதான், அடேயப்பா, என்ன கண்டிப்பு! அம்மாவின் விரலைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "மா, தப்பு. இங்கேருந்து படி" என்பாள். அம்மாவும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்குவாள். பெற்ற பிள்ளையிடம் பாடம் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்காது.

அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் அரைப் பரீட்சை முடிந்தும் ஒரு சொல் கிடையாது. கேள்வி கேட்டால் தலை கவிழ்ந்துவிடும். நானே போய், எங்கள் வகுப்பில் இவள் ஓயாமல் பேசுகிறாள் என்று சொன்னேன். "அப்போ இங்க பேசச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் வகுப்பாசிரியை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் காட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது?

பிள்ளையின் அப்பா மூட்டை தூக்குகிறவர், கெட்ட மனிதர் இல்லை. இந்த ஊரில் இருந்தால் மகள் ஊமையாகவே போய்விடுவாள் என்று பயந்தார். ஒடிசாவுக்குப் புறப்பட்ட தன் தம்பியோடு மகளை அனுப்பி, அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதாக முடிவெடுத்தார். அம்மா சண்டை போட்டாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். "ஏளா, பிள்ளய அனுப்பிட்டு நான் இங்கன எதுக்கு இருக்கணும்?" என்று என்னிடம் கேட்டாள். டி.சி. வாங்கப் போகும் நாளில் மகளோடு என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தலைமையாசிரியை திரேஸ்புரத்துக்காரர், இறால் கம்பெனிப் பெண்கள் பலருக்கும் அதுதான் ஊர். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அவர் வாயிலிருந்து ஊர்ப் பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. அச்சடித்த மாதிரிதான் பேசுவார். அப்பா வாசலில் நின்றார், உள்ளே வரக் கூச்சம். நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தகப்பனார் கேட்கும்போது மறுக்க முடியாது என்று தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார்.

அந்த அம்மா பாய்ந்து மேசைமேல் கையை வைத்தாள்.

"ஏளா, எழுதாத. எம்பிள்ளய நான் குடுக்க மாட்டேன்."

பதிவேட்டோடு பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அப்போது அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"மா, தப்பு. ஏளா சொல்லக் கூடாது. டீச்சர்னு சொல்லணும்."

தலைமையாசிரியை நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். வாசலில் நின்ற அப்பா தன்னை அறியாமல் உள்ளே வந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் மகளிடம் திருத்தல் வாங்கிய அந்த அம்மாவுக்கு வெட்கமாவது, ஒன்றாவது! குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொருக்க சொல்லு" என்றாள். பிள்ளை இன்னும் சத்தமாகச் சொன்னது.

அப்பா முன்பே கொடுத்திருந்த டி.சி. விண்ணப்பத்தைத் தலைமையாசிரியை அவரிடமே திருப்பி நீட்டினார். அவரும் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, தலைமையாசிரியை அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏளா, அழாத. பிள்ளயக் கொண்டு வகுப்புல விடு."